சஸ்காச்சுவான் சிற்றூரில் கடைக் கட்டடமும் விளைநிலமும் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணச் சிற்றூர்களில் ஓய்வு பெறும் உரிமையாளர்கள், பிரதான வீதியில் உள்ள கடைக் கட்டடத்தையும் ஊருக்கு வெளியே உள்ள ஒன்றிரண்டு குவார்ட்டர் (ஒன்று 160 ஏக்கர்) விளைநிலத்தையும் சேர்த்தே விற்க முன்வருவதுண்டு. ஒன்ராறியோவில் உள்ள ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டும் கிடைத்துவிடும் என்று கேள்விப்பட்டு நம்மவர்கள் விசாரிக்கிறார்கள். எனக்காக ஒருமுறையும், தெரிந்த நான்கு குடும்பங்களோடு உடனிருந்தும் இந்த வேலையை நான் முதலிலிருந்து கடைசிவரை செய்திருக்கிறேன். தடுமாறியவர்கள் யாரும் சோம்பலால் தடுமாறவில்லை. செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்தார்கள், ஆனால் வரிசை மாற்றிச் செய்தார்கள். ஆகவே கீழே உள்ள எண்களை அப்படியே பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

பணம் போடப்போகும் ஒவ்வொருவரின் கனேடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடச் சான்று வேண்டும். சஸ்காச்சுவானில் தொழில் செய்யும், விளைநிலப் பரிமாற்றத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். ஒன்ராறியோவில் உங்கள் வீட்டை முடித்துக் கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்குப் பொருந்தமாட்டார். கடன் தருபவர்கள் இருவரோடு முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். ஏன் இருவர் என்பதை 8ஆம் படியில் சொல்கிறேன். இவற்றுக்கும் மேலாக, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ அங்கே தங்குவதற்கு ஐந்து நாட்கள் வேண்டும்.

1. வாங்கும் தகுதியை உறுதி செய்யுங்கள்

சஸ்காச்சுவானில் 10 ஏக்கருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்கும் உரிமை, கனேடியக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் முழுவதும் அவர்களுக்கே சொந்தமான நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. இதைக் கண்காணிப்பது விளைநிலப் பாதுகாப்பு வாரியம். விதியை மீறினால் நிலத்தை விற்றுவிடும்படி கட்டளையிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஊர் எல்லைக்குள் இருக்கும் கடைக் கட்டடத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் வாங்க நினைப்பவர்கள் நிலத்தின் விதியைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு குடும்பப் பாசத்தில் தொடங்குகிறது. நிறுவனம் ஒன்றைப் பதிந்து, இலண்டனில் இருக்கும் அண்ணனுக்கும் சென்னையில் இருக்கும் மைத்துனருக்கும் பத்துப் பத்து வீதம் பங்கு கொடுத்துவிடுகிறார்கள். கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத ஒரு பங்காளி இருந்தாலே அந்த நிறுவனம் தகுதி இழந்துவிடுகிறது. நிலத்துக்கான கடனும் கனடாவில் இயங்கப் பதிவு பெற்ற நிதி நிறுவனத்திடமிருந்தோ கனேடிய வதிவாளரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கைமாற்றாக வரும் பணத்தை நம்பித் திட்டம் போட்டிருந்தால் அதை இந்த முதல் படியிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். முன்பணம் கட்டிய பிறகு சொல்வதில் பயனில்லை.

2. காணியின் முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

பிரெய்ரிச் சமவெளியில் விளைநிலத்துக்கு வீதிப் பெயரும் கதவிலக்கமும் கிடையாது. அளவைக் குறியீடே முகவரி. எடுத்துக்காட்டாக, ‘என்டபிள்யூ 14-22-7 டபிள்யூ2’ என்று எழுதியிருந்தால் வலமிருந்து இடமாகப் படியுங்கள். இரண்டாம் தீர்க்கக்கோட்டுக்கு, அதாவது மேற்கு 102 பாகைக்கு, மேற்கே ஏழாவது ரேஞ்ச், அதாவது வடக்குத் தெற்காக ஓடும் ஆறு மைல் அகலப் பட்டை. அமெரிக்க எல்லையான 49ஆம் அகலாங்கிலிருந்து வடக்கே 22ஆவது டவுன்ஷிப். அதில் 14ஆம் செக்‌ஷன். அந்தச் செக்‌ஷனின் வடமேற்குக் கால்பகுதி. ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல். அதில் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதன் கால்பகுதியான குவார்ட்டர் 160 ஏக்கர்.

செக்‌ஷன் எண்கள் தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்பி வருகின்றன. வயலில் ஏர் திரும்பி வருவதுபோல. இது தெரியாதவர்கள் 7ஆம் செக்‌ஷனைக் கிழக்கு ஓரத்தில் தேடுவார்கள். அது மேற்கு ஓரத்தில் இருக்கும். நான் உடனிருந்த குடும்பங்களில் ஒன்று, மஞ்சள் பூத்த கனோலா (எண்ணெய் வித்துப் பயிர்) வயல் ஒன்றின் அருகில் நின்று படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியது. அது அவர்கள் பார்க்க வந்த குவார்ட்டருக்கு நேர் கிழக்கே இருந்த இன்னொருவரின் குவார்ட்டர். அவர்களுடையதில் மூன்று பெரிய நீர்ப்பள்ளங்கள் இருந்தன. கைபேசியில் காணி எல்லை காட்டும் செயலியைத் திறந்து, நீங்கள் நிற்கும் புள்ளி எந்தக் குவார்ட்டருக்குள் இருக்கிறது என்று பார்த்த பிறகே மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

3. பதிவேட்டைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரத்தைப் பெட்டகத்தில் பூட்டி வைத்துப் பழகியவர்கள் இங்கும் மூல உறுதியைக் கேட்கிறார்கள். இங்கே அப்படி ஒரு தாள் இல்லை. உரிமை என்பது ஐ.எஸ்.சி. என்ற நிறுவனம் நடத்தும் மின்னணுக் காணிப் பதிவேட்டில் உள்ள பதிவுதான். சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் தேடிப் பார்க்கலாம். இதை மூன்றாவது படியாக வைப்பதற்குக் காரணம், பயணச் செலவு செய்வதற்கு முன்பே கைவிடவேண்டிய காணிகளை இது காட்டிக்கொடுத்துவிடும் என்பதே.

முதலில், மேற்பரப்பு உரிமையும் கனிம உரிமையும் தனித்தனி. விளைநிலம் வாங்குபவருக்குப் பெரும்பாலும் மேற்பரப்பு மட்டுமே கிடைக்கிறது. நிலத்தில் எண்ணெய்க் கிணறு இருந்தால் அதன் வருமானம் உங்களுக்கு வராது. கிணற்றுத் தளத்துக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் கொடுக்கும் மேற்பரப்பு வாடகையே வரும், அதுவும் ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டால்தான்.

அடுத்து, உரிமைப் பதிவின் மேல் ஏறியிருக்கும் சுமைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஆகியவற்றுக்கான வழியுரிமை அநேகமாக எல்லாக் குவார்ட்டரிலும் இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். அஞ்சவேண்டியவை மூன்று: இயற்கைப் புல்வெளியை உழவோ பள்ளத்து நீரை வடிக்கவோ கூடாது என்று என்றைக்குமாகக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உரிமை, குத்தகைக்காரருக்கே முதலில் விற்கவேண்டும் என்ற முன்னுரிமை, வரிபாக்கிக்கான பற்றுரிமை. இவற்றின் தலைப்பு மட்டும் பட்டியலில் தெரியும். உள்ளே இருக்கும் ஆவணத்தைத் தனியாக வாங்கிப் படித்தால்தான் விவரம் தெரியும். அந்தச் சில டாலர்களை மிச்சம் பிடிக்காதீர்கள்.

4. வசந்தத்தில் நடந்து பாருங்கள்

இந்தப் படியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜூலையில் எல்லா வயலும் அழகாக இருக்கும். பயிர் வளர்ந்து குறைகளை மூடியிருக்கும். பனி உருகி முடிந்து விதைப்பு தொடங்காத அந்தச் சில நாட்களில்தான் நிலம் தன் உண்மையைக் காட்டும்.

நீர் தேங்கும் பள்ளங்கள் அப்போது நிறைந்திருக்கும். ஒவ்வொன்றின் கரையையும் சுற்றி நடந்து, எத்தனை ஏக்கர் விதைக்கமுடியாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்திலிருந்து சாலையோர வாய்க்காலுக்குப் புதிதாக வெட்டிய கால்வாய் தெரிந்தால், அதற்கு நீர்ப் பாதுகாப்பு முகமையின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லாத வடிகாலை மூடும்படி பிறகு உத்தரவு வந்தால், விற்றவர் அங்கே இருக்கமாட்டார், நீங்கள் இருப்பீர்கள்.

உப்புப் பூத்த இடங்களையும் இதே நடையில் கண்டுபிடிக்கலாம். ஈரம் காயும்போது பள்ளத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு தூவியதுபோல ஒரு வெள்ளைப் படலம் நிற்கும். காலணியால் தேய்த்தால் அடியில் கரிய ஈரமண் தெரியும். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அதே இடம் மீண்டும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டின் கோச்சியாக் களையும் நரிவால் பார்லிப் புல்லும் காய்ந்து நிற்கும் இடங்களும் அப்படியே. அவை உப்பைத் தாங்கும் செடிகள். அவை மட்டும் நிற்கும் இடத்தில் கனோலா நிற்காது.

வயல் மூலைகளில் கற்குவியலைப் பாருங்கள். பனியாறுகள் விட்டுப்போன கற்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் உறைபனியின் தள்ளுதலால் மேலெழும். பெரிய குவியல் இருந்தால் அங்கே கல் பொறுக்கும் செலவு ஆண்டுதோறும் உண்டு என்று பொருள். ரெஜைனாவைச் சுற்றியும் ரோஸ்டவுனைச் சுற்றியும் உள்ள கனத்த களிமண் நிலங்கள் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நல்ல விலைக்குப் போகின்றன. தென்மேற்கின் பழுப்பு மண் வறட்சியானது. ஆனால் மைசூர்ப் பருப்புக்கும் டியூரம் கோதுமைக்கும் ஏற்றது.

சாலையையும் மறக்கவேண்டாம். இங்குள்ள அளவை முறைப்படி வடக்குத் தெற்காக ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றுமாகச் சாலைக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. எனவே வரைபடத்தில் ஒவ்வொரு குவார்ட்டரும் ஒரு சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். விடப்பட்ட இடமெல்லாம் போடப்பட்ட சாலை அல்ல. பல இடங்களில் அது புல் முளைத்த தடம்தான். மழை பெய்தால் விதை இயந்திரம் உள்ளே போகாது, அறுவடையில் தானிய லாரி வெளியே வராது.

5. விலையைப் பயிரேறும் ஏக்கரால் வகுத்துப் பாருங்கள்

விற்பவர் சொல்வது பதிவேட்டு ஏக்கர். உங்களுக்கு வருமானம் தருவது விதைக்கப்படும் ஏக்கர். 160 ஏக்கர் குவார்ட்டரை ஏக்கருக்கு 2,500 டாலர் வீதம் 4,00,000 டாலருக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளம், புதர், கற்குவியல், பழைய பண்ணை முற்றம் எல்லாம் போக 128 ஏக்கரே விதைக்கமுடிகிறது என்றால், நீங்கள் உண்மையில் கொடுப்பது ஏக்கருக்கு 3,125 டாலர். அடுத்த குவார்ட்டரோடு ஒப்பிடவேண்டியது இந்த எண்ணைத்தான்.

உள்ளூரில் விலையை மதிப்பீட்டின் இத்தனை மடங்கு என்றும் சொல்வார்கள். மாகாணத்தில் சொத்து மதிப்பீடு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது; கடைசித் திருத்தம் 2025இல் வந்தது. எந்த ஆண்டு மதிப்பீட்டின் மடங்கு என்று கேட்காமல் இரண்டு விற்பனைகளை ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

எஃப்.சி.சி. எனப்படும் கனேடியப் பண்ணைக் கடன் நிறுவனத்தின் அறிக்கைப்படி சஸ்காச்சுவான் விளைநில மதிப்பு 2023இல் 15.7 வீதமும் 2024இல் 13.1 வீதமும் உயர்ந்தது. இந்த உயர்வு தொடரும் என்று வைத்துக் கடன் கணக்கைப் போடாதீர்கள். குத்தகை வருமானம் மட்டும் வந்தால் தவணை கட்டமுடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியாது, வித்தியாசத்தை உங்கள் சம்பளம் தாங்கவேண்டியிருக்கும். அது தெரிந்து வாங்குபவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

6. குத்தகைக்காரரை நேரில் சந்தியுங்கள்

நீங்களே விதைக்கப்போவதில்லை என்றால், உங்கள் முதலீட்டைக் காப்பவர் குத்தகைக்காரர்தான். பணக் குத்தகையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வரும். பங்குக் குத்தகையில் விளைச்சலில் ஒரு பங்கு வரும். வறட்சி ஆண்டில் உங்கள் பங்கும் வற்றும். தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் பணக் குத்தகையையே சொல்வேன். எலிவேட்டர் எனப்படும் தானியக் கொள்முதல் களஞ்சியத்தில் விற்ற தானியக் கணக்கைச் சரிபார்க்க நீங்கள் அங்கே இல்லை.

எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறதா, எந்த அறுவடையோடு முடிகிறது, இலையுதிர் காலத்திலேயே போட்ட உரத்துக்கு யார் பணம் கொடுத்தது ஆகிய மூன்றையும் கேளுங்கள். வாய்வழி ஒப்பந்தத்தில் இருபது ஆண்டுகளாக உழுதுவரும் குடும்பங்கள் உண்டு. அவர்களை மரியாதையோடு அணுகி, அதே நிபந்தனைகளை எழுத்தில் கொண்டுவருவதே நல்லது. அதிக வாடகை தருவதாகச் சொல்லும் வெளியூர்க்காரருக்காக அவர்களை அகற்றினால், நிலத்தைச் சக்கையாக உறிஞ்சிவிட்டுப் போகும் ஒருவரிடம் அதை ஒப்படைத்தவராவீர்கள். கடைக்கு வரவேண்டிய ஊராரும் அதை மறக்கமாட்டார்கள்.

7. கடைக் கட்டடத்தைக் குளிர்காலக் கண்ணோடு பாருங்கள்

கடையை நிலத்துக்குப் பிறகு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சிற்றூர்க் கடையின் வாடிக்கையாளர்கள் அந்த நிலங்களில் உழைப்பவர்களே. சுற்றியுள்ள நிலத்தை யார் உழுகிறார்கள், பக்கத்து ஊரில் எலிவேட்டர் இன்னும் இயங்குகிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு கட்டடத்தைப் பார்த்தால், அதன் விலை ஏன் அவ்வளவு மலிவு என்பதும் விளங்கும்.

முதல் கேள்வி, இந்த மனையில் முன்பு என்ன இருந்தது என்பது. சிற்றூர்களில் எரிபொருள் நிலையமும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையும் பிரதான வீதியிலேயே இருந்தன. நிலத்தடி எண்ணெய்த் தொட்டி இன்னும் புதைந்திருந்தாலோ மண் மாசுபட்டிருந்தாலோ கடன் கிடைக்காது; துப்புரவுச் செலவு கட்டட விலையையே விஞ்சக்கூடும். முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வைக் கட்டாயம் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு காலைப்பொழுது காபி ரோவில் போய் உட்காருங்கள். ஊரின் மூத்த விவசாயிகள் நாள்தோறும் கூடும் அந்த மேசையில், 1960களில் பெட்ரோல் பம்பு எந்த மூலையில் நின்றது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, வெப்பமும் நீரும். வெப்பநிலை மைனஸ் 35 பாகைக்குக் கீழே இறங்கும் ஊரில், வெப்பமூட்டி ஓர் இரவு நின்றால் குழாய் வெடிக்கும். முந்தைய இரு குளிர்காலங்களின் எரிவாயு, மின் பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரிப் பட்டியலைப் பார்க்காமல் வாடகை வருமானத்தைக் கணக்கிடாதீர்கள். நிலவறைச் சுவரில் நீர்க்கோடு, தட்டைக் கூரையின் உட்புறத்தில் பழுப்புக் கறை, பழைய கட்டடமானால் ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றை ஆய்வாளர் எழுத்தில் தரவேண்டும்.

மூன்றாவது, காப்புறுதி. கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பொதுவாகக் காப்பீடு சுருங்கிவிடும். நான் வாங்கிய கட்டடத்தில் முந்தைய வாடகைக்காரர் வெளியேறிய பின் புதியவர் வருவதற்கு ஏழு வாரமானது. அதற்குள் பின்னறையில் குழாய் உறைந்து வெடித்தது. ஆளில்லாத நிலையை நான் முன்கூட்டியே அறிவிக்காததால் இழப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. அதன் பிறகு வெப்பநிலை இறங்கினால் கைபேசியில் எச்சரிக்கும் கருவியை வைத்ததோடு, எதிர்வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து இரண்டு நாளுக்கொருமுறை உள்ளே போய்ப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

8. இரண்டு அலுவலகங்கள், இரண்டு கடன்கள்

கடைக்கு வரி விதிப்பது சிற்றூர் நிர்வாகம். நிலத்துக்கு வரி விதிப்பது ஆர்.எம். என்று அழைக்கப்படும் கிராமப்புற நகராட்சி. இரண்டு அலுவலகங்களிலும் தனித்தனியாக வரிச் சான்றிதழ் வாங்குங்கள், ஏனெனில் பாக்கி ஆளைத் தொடராது, சொத்தைத் தொடரும்.

மதிப்பீட்டில் வரிக்கு உட்படும் வீதமும் வேறு: வணிகக் கட்டடத்துக்கு 85, பயிர் நிலத்துக்கு 55, மேய்ச்சல் நிலத்துக்கு 45. மதிப்பீடு 1,00,000 டாலர் என்றால் கட்டடத்தில் 85,000 டாலருக்கு வரி. இதன்மேல் ஊர் நிர்ணயிக்கும் வீதமும் கல்வி வரியும் சேரும். சில ஊர்களில் குறைந்தபட்ச வரியும் உண்டு என்பதால், மலிவாகக் கிடைத்த பாழடைந்த கட்டடத்துக்கும் கணிசமான பட்டியல் வரும். நீங்கள் நினைத்திருக்கும் தொழில் அந்த வலயத்தில் இயல்பாக அனுமதிக்கப்பட்டதா, சபையின் விருப்பத்துக்கு உட்பட்டதா என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள்.

கடன் பற்றி: விளைநிலத்துக்குக் கடன் தர எஃப்.சி.சி. போன்றவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு பேர் வாழும் ஊரின் கடைக்குப் பெரிய வங்கிகள் தயங்கும். கிரெடிட் யூனியன் எனப்படும் உள்ளூர்க் கூட்டுறவு வங்கிதான் அந்தத் தெருவை அறியும். இரண்டையும் ஒரே கடனில் கட்டினால் கடையின் இடர் நிலத்தின் வட்டியிலும் ஏறிவிடும்.

9. விலையைப் பிரித்து எழுதி, நிபந்தனைகளோடு முன்மொழியுங்கள்

சேர்த்து விற்றாலும் ஒப்பந்தத்தில் நிலம், கட்டடம், தளவாடம், கையிருப்புச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதப்படவேண்டும். வரி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக விழுவதே காரணம்.

வணிகக் கட்டடத்துக்கும் விளைநிலத்துக்கும் பொதுவாக 5 வீத ஜி.எஸ்.டி. உண்டு. வாங்குபவர் உரிமை மாறும் நாளுக்கு முன்பே ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, சொத்தைப் பெரும்பாலும் வணிகத்துக்குப் பயன்படுத்துபவராக இருந்தால், விற்பவரிடம் வரியைக் கட்டாமல் தாமே கணக்குக் காட்டி ஈடு செய்துகொள்ளலாம். பதிவைத் தள்ளிப்போட்ட ஒரு குடும்பம் 4,00,000 டாலர் நிலத்துக்கு 20,000 டாலரைக் கடைசி வாரத்தில் புரட்டவேண்டியதாயிற்று. நடக்கும் தொழிலையும் சேர்த்து வாங்கினால், விற்பவர் மாகாண விற்பனை வரியை முழுவதும் செலுத்திவிட்டார் என்ற தீர்வுச் சான்றிதழையும் கேளுங்கள். அது இல்லையேல் அவருடைய பாக்கி உங்களைச் சேரலாம்.

எஃகுத் தானியக் கொள்கலன்கள் பெயர்த்து எடுத்துச் செல்லக்கூடியவை. எத்தனை, எந்தக் கொள்ளளவு, விற்பனையில் சேர்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடன், ஆய்வு அறிக்கை, குத்தகை ஒப்பந்தம், பதிவேட்டுச் சுமைகள் ஆகிய நான்கையும் நிபந்தனைகளாக வையுங்கள். முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்கும் நிலமானால் நிபந்தனைக்கு இடம் இருக்காது. அங்கே மேலே உள்ள எட்டுப் படிகளையும் முடிக்காமல் உறையை ஒட்டாதீர்கள்.

10. கைமாறும் நாளும் அதன்பின் வரும் மாதங்களும்

பணம் வழக்கறிஞரின் நம்பிக்கைக் கணக்கு வழியாகவே போகவேண்டும். சஸ்காச்சுவானில் ஒன்ராறியோவில் இருப்பதுபோன்ற காணி மாற்று வரி இல்லை. விலைக்கு ஏற்பப் பதிவுக் கட்டணம் மட்டும் உண்டு. கட்டடக் காப்புறுதி உரிமை மாறும் அதே நாளில் தொடங்கவேண்டும். மின்சாரமும் எரிவாயுவும் அன்றே உங்கள் பெயருக்கு வரவேண்டும். இடையில் ஒரு நாள் அறுந்தாலும் குளிர்காலத்தில் அது பெரிய செலவு.

கடைசியாக, பதிவேட்டிலும் இரண்டு நிர்வாக அலுவலகங்களிலும் உங்கள் தபால் முகவரி சரியாக இருக்கிறதா என்று நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். வரிப் பட்டியல் பழைய முகவரிக்குப் போனால் யாரும் தேடி வந்து சொல்லமாட்டார்கள். டிசம்பர் 31 கடந்தால் பாக்கிக்குத் தண்டம் ஏறத் தொடங்கும். அப்படியே கிடந்தால் உரிமைப் பதிவின் மேல் பற்றுரிமை ஏறும். அக்டோபரில் அறுவடை முடிந்து குத்தகைக்காரரிடம் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச அழைக்கும் அதே நாளில், இரண்டு அலுவலகங்களையும் அழைத்துப் பட்டியல் தொகையைக் கேட்டுக் கட்டிவிடுங்கள்.